மிதிபடும் மண்ணும் மண்ணுட் பொருளும்

அகழாய்விற் கிடைக்கும் பானையோடு எம்மண்ணடுக்கில் இருந்ததோ, அவ்வடுக்கின் காலமே அதன் காலம் எனக் கொள்வது ஆய்வாளர் வழக்கு. எழுத்துப் பொறித்த ஓடுகளைக் கொண்டு தமிழின் தொன்மையை வரையறுக்க முற்படும் நமக்கு இவ்வழக்கு இன்றியமையாதது. ஆயினும் அவ்வோடு விழுந்த இடத்திலேயே கிடந்ததா, பின்னர்ப் பெயர்ந்ததா என்னும் வினாவை இலக்கிய மாணாக்கர் பலரும் எழுப்புவதில்லை. எலி வளை தோண்டும், வேர் ஊடுருவும், கரிசல் மண் கோடையிற் பிளந்து பொருளை உள்வாங்கும். இவ்வாறு பொருளை இடம்பெயர்க்கும் ஆற்றல்கள் பலவற்றுள், மக்களும் கால்நடையும் மிதித்தலால் நேர்வதை மட்டும் ஈண்டு ஆராய்வாம்.

தறிக்குழி காட்டும் சான்று

மிதித்தலின் இயல்பை அறிய, பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியில் குழித்தறி அமைந்த மண்தரை வீடொன்றை எண்ணிப் பார்ப்பதே போதும். நெய்வோர் குழியின் விளிம்பில் அமர்ந்து, குழியுள் கால்களை விட்டு மிதிகட்டைகளை மாறிமாறி மிதிப்பர். ஆண்டுக்கணக்கில் ஆள் நடமாடும் தறியோரம் கல்போல் இறுகும். ஆள் செல்லாத மூலை நெகிழ்ந்தே இருக்கும். உடைந்த கலத்தின் பெருந்துண்டுகள் கூட்டித் தள்ளப்படும். மணி, ஊசிமுனை, ஓட்டுச் சில்லு போன்ற சிறியன காலடியில் அழுந்திச் சாணமெழுகலின் கீழ் மறையும். எஞ்சியன குழிக்குள் உருளும். தெருவில் பாவை நீளக்கட்டிக் கஞ்சியிடும்போது அதன் இருமருங்கும் நடப்போரின் தடமும் இவ்வாறே இறுகும்.

இதனாற் போதரும் உண்மைகள் இரண்டு. மிதித்தல் பொருளை அழிப்பது மட்டுமன்று. சிறியவற்றைத் தரைக்குள் அழுத்திக் காப்பதும் செய்யும். எனவே, ஓரிடத்தில் நிகழ்ந்த தொழிலுக்குப் பெருங்கலங்களினும் தரையில் அழுந்திய சிறுதுண்டுகளே பெரும்பாலும் நம்பத்தக்க சான்றாம்.

மண்ணுறும் மாற்றம்

மண் துகள்களுக்கிடையே காற்றும் நீரும் இயங்கும் சிறு வெளிகள் உள. மிதிபடுங்கால் அவை நெரிந்து சுருங்கும். நீர் உட்புகாமல் மேலே வழிந்தோடும்; புல் வேரூன்றாது; வழிநீர் மேல்மண்ணை அரித்துச் செல்லும். புதைந்து கிடந்த ஓடுகள் அதனால் வெளிப்பட்டு மீண்டும் மிதிபட்டு நொறுங்கும். சேற்றுழவில் மேல்மண் குழம்ப, அடியில் இறுகிய தட்டு ஒன்று உருவாவதை உழவர் அறிவர். பழைய ஊர்மேடுகளில் மழைக்குப்பின் கால்நடை இறங்குமிடத்தும் இதனையொத்த மாற்றம் நிகழும்.

ஈரமும் மண்ணின் தன்மையும் விளைவை வேறுபடுத்தும். கிஃபோர்டு-கன்சாலெசு முதலியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வில், எரிமலைக் கண்ணாடிச் சில்லுகளை மணற்பரப்பிலும் இறுகிய வண்டல்மண் பரப்பிலும் இட்டு ஆட்களை நடக்கவிட்டனர். மணலிற் சில்லுகள் ஆழ இறங்கின; வண்டலிற் பெரும்பாலன மேற்பரப்பை ஒட்டியே நின்றன. ஆந்திரத்தில் ஜுவாலாபுரத்தை அடுத்த ஜுர்ரேறு பள்ளத்தாக்கில் நிகழ்த்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு நம் நிலத்திற்கு இன்னும் நெருங்கியது. அங்குக் கற்கருவிகள்மீது எருமைகளையும் ஆடுகளையும் உலர்தரையிலும் நீரூறிய தரையிலும் நடத்தினர். நீரூறிய தரையிற் கருவிகள் மிகுதியாகத் தாழ்ந்தன. பல சாய்ந்தும் நின்றன. ஆதலின், படுத்துக் கிடக்கவேண்டிய ஓடுகள் செங்குத்தாகவோ சாய்ந்தோ கிடப்பின் மிதித்தலை ஐயுறுதல் வேண்டும்.

பொருளுறும் மாற்றம்

மிதிபட்ட கல்லின் விளிம்பு சிதைந்து, மனிதன் வேண்டுமென்றே செதுக்கியது போலத் தோன்றும். மணற்பரல் உரசிய எலும்பில் கத்தியால் அறுத்தாற்போன்ற கீறல்கள் படியும். பெரன்சுமேயர் முதலியோர் 1986இல் இதனை விளக்கினர். கீழடியிற் கிடைத்த நூற்கும் தக்களி வட்டுகளையும் கூர்முனை எலும்புக் கருவிகளையும் தமிழகத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை நெசவோடு இயைத்தது. எலும்புமுனையின் தேய்மானம் நூலால் நேர்ந்ததா, மண்ணால் நேர்ந்ததா என்பதை நுண்ணோக்கியே பிரித்துக் காட்டவல்லது. நெசவின் தொன்மையை ஏற்றிப் பேசும் ஆர்வம் இவ்வினாவை விழுங்கிவிடல் ஆகாது.

காலக் கணிப்பு

இங்ஙனமாயின் அடுக்குமுறைக் காலக் கணிப்பு முற்றும் பொய்யாமோ எனின், ஆகாது. ஒரு களத்தில் 300 செ.மீ. மண் 900 ஆண்டுகளிற் சீராகப் படிந்ததெனக் கொள்வோம். ஓர் ஓடு 15 செ.மீ. தாழ்ந்தால் பிழை 45 ஆண்டே. தலைமுறைக் கணக்கில் இது பெரிது. நூற்றாண்டுக் கணக்கிற் சிறிது. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரி கி.மு. 580ஐச் சார்ந்ததென்னும் முடிவை மிதித்தல் ஒன்றே அசைத்துவிடாது. ஆனால் அடுக்கின் எல்லையை ஒட்டிக் கிடைத்த ஒற்றை ஓட்டின் எழுத்தை அவ்வாண்டோடு பிணைக்குங்கால் எச்சரிக்கை வேண்டும். பொருந்தலில் ஈமக்குழியுள் எழுத்துடைய தாங்கியும் நெல்லும் ஒருங்கு கிடைத்தன. நெல்லின் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பெற்றது. மூடிய குழியாதலின் மிதித்தலின் தாக்கம் ஆண்டு மிகக் குறைவு. இவ்விருவகைச் சான்றையும் ஒரே நிறையினவாகக் கொள்ளுதல் பொருந்தாது.

ஆதலின், அகழாய்வறிக்கையை மேற்கோளாக எடுக்குமுன் மாணாக்கர் வினவவேண்டியன நான்கு: மண் மணலா, களியா? ஓடு கிடந்த நிலை யாது? அது தரையா, குழியா, நடைபாதையா? அதனோடு பொருந்தும் பிற ஓடுகள் எவ்வடுக்குகளில் உள்ளன?

மாணாக்கரைப் பழைய மேடுகளுக்கு அழைத்துச் செல்லும் எம்மனோர்க்கும் கடமை ஒன்றுண்டு. மழை பெய்த மறுநாளில் ஓடு நன்கு தெரியும் என்று மேட்டில் ஏறுதல் வழக்கமாகிவிட்டது. நாம் தேடிச் செல்லும் சான்றை நம் காலடியே புதைப்பதும் அந்நாளில்தான். நிலம் உலர்ந்தபின், ஒரே தடத்தில் நடந்து காண்பதே முறையாம்.