வல்லினமா, மெல்லினமா?

சக்கரத்தைக் கண்டவன் பெயரை உலகம் மறந்துவிட்டது. ஆயினும், அச்சக்கரத்துக்குக் காற்றினால் மெத்தை இட்டவர்களின் பெயர்கள் நிலைத்திருக்கின்றன. 1845 ஆம் ஆண்டில் ரொபேர்ட் தொம்சன் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் காற்றடைத்த டயருக்கு ஆக்கவுரிமை பெற்றார். உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1888 இல் பெல்பாஸ்ட் நகரத்து மிருக வைத்தியர் ஜோன் பொய்ட் டன்லொப், தம் மைந்தனின் முச்சக்கர மிதிவண்டி குலுங்காதிருக்கும் பொருட்டு அதனையே மீண்டும் கண்டார். உலகம் கைக்கொண்ட டயர் இவ்வாறு ஒரு பிள்ளையின் உடல்நோவைத் தணிக்கும் எண்ணத்திலே பிறந்தது. இன்று பெருங்கார் வைத்திருப்போர் புதிய டயர் வாங்கும்போது இதனை மறந்துவிடுகின்றனர் என்பதே என் குறை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த காரையே பேணிப் புதுக்குவதன்றி எம்மவருக்கு வேறு வழியில்லை. சிலாபத்திலே வாழும் என் நண்பர் ஒருவரும் தம் பழைய பென்ஸ் 'ஈ' வகுப்புக் காரை அவ்வாறே போற்றி வந்தார்.

ஓர் இரவு நாங்கள் பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டி நோக்கிச் சென்றுகொண்டிருந்தோம். நுரைச்சோலைக்கு அப்பால் கழுதையொன்று வீதியின் நடுவே நின்றது. கற்பிட்டிப் பக்கம் கட்டாக்காலிக் கழுதைகள் புதுமையல்ல. நண்பர் சடுதியாக ஒதுக்கினார். மழை ஈரத்தில் கார் ஒருகணம் பக்கவாட்டில் அசைந்து, பின்னரே சொற்கேட்டது. கழுதையும் பிழைத்தது, நாங்களும் பிழைத்தோம். மறுவாரமே அவர் 16 அங்குலச் சக்கரங்களைக் கழற்றி, 18 அங்குலச் சக்கரங்களைப் பூட்டுவித்தார்.

இங்கே சிறிது கணக்குப் பார்த்தல் வேண்டும். அவருடைய பழைய டயரில் 225/55 ஆர் 16 என்று பொறித்திருந்தது. 225 என்பது அகலம், மில்லிமீற்றரில். 55 என்பது அவ்வகலத்தில் பக்கச்சுவரின் உயரம் நூற்றுக்கு எத்தனை என்பது. 16 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். ஆகப் பக்கச்சுவர் ஏறக்குறைய 124 மில்லிமீற்றர். புதிய டயரோ 245/40 ஆர் 18. அதன் சுவர் 98 மில்லிமீற்றரே. வெளிவட்டம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். வளர்ந்தது இரும்பு, குறைந்தது காற்று.

உயர்ந்த சுவர் பள்ளத்தில் வளைந்து கொடுத்து அதிர்ச்சியை விழுங்கும்; அதே வளைவினால் திருப்பத்தில் சற்றே தாமதிக்கும். குட்டைச் சுவர் ஸ்டியரிங்கின் ஏவலை உடனே நிறைவேற்றும். ஆனால் ஒவ்வொரு கல்லையும் இருக்கையில் இருப்பவரின் முதுகுக்கு அறிவிக்கும். முன்னதை மெல்லினம் என்றும் பின்னதை வல்லினம் என்றும் கூறலாம்.

புதிய வல்லினத்தின் பலனை அறிந்தவர் நண்பரின் தாயார். எண்பதைக் கடந்தவர், முதுகெலும்பு நலிந்தவர். வெள்ளிதோறும் முன்னேசுவரத்துக்குக் காரிலே செல்பவர், "தம்பி, எனக்கு ஓட்டோ போதும்" என்று சொல்லிவிட்டார். மகனுக்கு அதனினும் வேறு தண்டனை வேண்டுமோ?

அப்போதுதான் கழற்றிவைத்த பழைய டயர்களை நான் பார்வையிட்டேன். டயரின் சுவரிலே நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முன்னிரண்டு வாரத்தையும், பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். அவை 2313 என்றிருந்தன. 2013 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் வார்த்த இறப்பர், வெயிலிலும் வெப்பத்திலும் இறுகிக் கட்டையாகிவிட்டிருந்தது. அன்றிரவு வழுக்கியதற்கு முதற்காரணம் சுவரின் உயரமன்று, இறப்பரின் முதுமையே. நோய் ஒன்று, மருந்து வேறொன்று!

வல்லினத்துக்கும் மெல்லினத்துக்கும் நடுவே இடையினம் உண்டு என்பதைத் தமிழ் மாணவர் அறிவர். அதே காருக்குப் பொருந்தும் 245/45 ஆர் 17 அத்தகையது. சுவர் ஏறக்குறைய 110 மில்லிமீற்றர். அவ்வளவிலே, ஈரப்பிடி நன்கமைந்த, ஓசை குறைந்த நெடும்பயண வகையை நண்பர் தெரிந்தெடுத்தார். தாரிட்ட வீதியை விட்டுக் கரையோர ஊர்களுக்குள் இறங்கினால் மணலும் குழியும் மதகு விளிம்பும் எதிர்ப்படும் நாடு இது. அங்கே குட்டைச் சுவர் நசுங்கிக் கிழிவதும் றிம் வளைவதும் எளிது. நகருக்கு வெளியேயும் எழுபது கிலோமீற்றருக்கு மேல் சட்டம் இடந்தராத வீதிகளில் பந்தயக் காரின் கூர்மையால் ஆவதென்ன? கழுதையைத் தவிர்க்கும் அளவுக்குக் கட்டுப்பாடு வேண்டும். அன்னை அமரும் அளவுக்குச் சுகம் வேண்டும்.

வேறு சில கருத்துகளும் உள. புதிய டயரின் சுமைக்குறி பழையதனிற் குறைதல் ஆகாது. 95 என்பது 690 கிலோகிராம், 93 என்பது 650. காற்றழுத்தத்தைக் கார் செய்தோர் ஒட்டிய சீட்டின்படி, டயர் குளிர்ந்திருக்கையில் அளத்தல் வேண்டும். மிகை காற்று நல்ல டயரையும் கல்லாக்கும். குறைகாற்று அதனைச் சூடாக்கி அழிக்கும். வீல் அலைன்மென்டையும் உடனே சரிபார்த்தல் நன்று.

பாலாவி உப்பளங்களைக் கடக்கும்போதெல்லாம் பண்டை உமணர் என் நினைவுக்கு வருவர். மேட்டிலும் பள்ளத்திலும் செல்லும் உப்புவண்டியிலே அவர்கள் சேமஅச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதைப் புறநானூற்றில் ஔவையார் கூறுகிறார். சக்கரத்தை மாற்றுவோர் சேமச் சக்கரமும் அதற்கு இயைந்ததா என்று பார்க்க மறத்தலாகாது. உப்பு ஏற்றிய உமணன் வழியை அறிந்து வண்டியை ஆயத்தம் செய்தான். வண்டியின் அழகைக் கண்டு வழியை மறந்தானல்லன்.