வெடிக்காத குண்டு, போகாத பேய்

முதல்லயே ஒரு எச்சரிக்கை. இந்த எபிசோட்ல பேசப்போற படங்களோட முடிவையும் சேர்த்தேதான் சொல்லப்போறேன். முடிவு தெரிஞ்சாலும் கெட்டுப்போற படங்கள் இல்லை இவை. ஆனாலும் ஸ்பாய்லர் பிடிக்காதவங்க இங்கேயே பாஸ் பண்ணிடுங்க.

ஒரு அநாதை விடுதி. முற்றத்தின் நடுவில் ஒரு பெரிய விமானக் குண்டு, மூக்கு மண்ணில் புதைந்து, வால் வானத்தைப் பார்த்தபடி நிற்கிறது. விழுந்தது, ஆனால் வெடிக்கவில்லை. செயலிழக்க வைத்தாச்சு என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பையன்கள் நம்பவில்லை. உள்ளே இன்னும் துடிப்பு கேட்குதுங்கிறாங்க.

இது 'தி டெவில்ஸ் பேக்போன்'. மெக்சிகோ இயக்குநர் கியெர்மோ டெல் டோரோ ஸ்பெயினில் எடுத்து 2001-ல் வந்த படம். கதை நடப்பது 1939-ல், ஸ்பெயின் உள்நாட்டுப் போர் முடியப்போகிற நேரத்தில். ஃபிராங்கோவின் படை ஜெயிச்சுக்கிட்டு இருக்கு. விடுதியை நடத்துகிறவர்கள் தோற்கிற பக்கம், அதாவது குடியரசுத் தரப்பு. அப்பா இறந்தது தெரியாமலே கார்லோஸ் என்கிற பையனை அங்கே கொண்டுவந்து விடுகிறார்கள். அவனுக்குக் கிடைக்கிற கட்டில், காணாமல்போன சான்ட்டி என்கிற பையனுடையது. ராத்திரியில் சான்ட்டி வருகிறான்.

போர்ப் படம்னா குண்டு போடுறவன் எதிரி. பேய்ப் படம்னா பேய் எதிரி. ரெண்டையும் ஒரே வீட்டுக்குள்ள வெச்சா யார் எதிரி? இன்னைக்கு எபிசோடே இந்தக் கேள்விதான்.

சான்ட்டியின் உருவத்தைக் கவனிங்க. நெற்றியில் ஒரு பிளவு. அதிலிருந்து கசிகிற ரத்தம் கீழே வழியாமல், புகை மாதிரி மேலே மிதந்து போகிறது. முதலில் ஏதோ கிராஃபிக்ஸ் அழகுன்னு தோணும். பிறகுதான் புரியும், அவன் கிடப்பது நிலவறைத் தண்ணீர்த் தொட்டியின் அடியில். தண்ணிக்குள்ள ரத்தம் அப்படித்தான் போகும். அந்தப் பேயே ஒரு பிரேதப் பரிசோதனை அறிக்கை மாதிரி. எப்படிச் செத்தான்னு உடம்பிலேயே எழுதியிருக்கு.

கொன்றது ஃபிராங்கோவின் சிப்பாய் இல்லை. அதே விடுதியில் வளர்ந்து, இப்போது அங்கேயே வேலை பார்க்கிற ஹசிந்தோ. அங்கே ஒளித்துவைத்திருக்கும் தங்கத்தின் மேல் அவனுக்குக் கண். சான்ட்டியை அவன் அடித்துத் தொட்டியில் போட்ட அதே ராத்திரியில்தான் குண்டும் வந்து விழுந்தது. எதிரியின் குண்டு படம் முடிகிறவரை வெடிப்பதே இல்லை. விடுதியைச் சிதறடிப்பது ஹசிந்தோ வைக்கிற பெட்ரோல் தீ.

டெல் டோரோ இந்தக் கதையை முதலில் மெக்சிகோ புரட்சியை வைத்துத்தான் யோசித்திருந்தார். ஸ்பெயினுக்கு மாற்றியது ரொம்பப் பொருத்தம்னு எனக்குத் தோணுது. ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்த போர் அது. கொல்லப்பட்டவர்களில் ஏராளமானோர் சாலையோரப் புதைகுழிகளில் அடையாளம் இல்லாமல் கிடந்தார்கள். 1975-ல் ஃபிராங்கோ இறந்தார். 1977-ல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. பழசைக் கிளற வேண்டாம் என்பதே ஒரு எழுதப்படாத ஒப்பந்தமாக இருந்தது. 2000-ல், தன் தாத்தாவைத் தேடிய ஒரு பத்திரிகையாளரின் முயற்சியால் பிரியரான்சா தெல் பியர்சோ என்ற ஊரில் ஒரு குழியைத் தோண்டினார்கள். 13 பேருடைய எலும்புகள் கிடைத்தன. அதற்கு அடுத்த வருஷம் வெளியான படத்தில் ஒரு சின்னப் பையன் தண்ணீருக்கடியில் காத்துக்கிட்டு இருக்கான்.

இன்னொரு வெடிக்காத குண்டு, இந்தத் தடவை டெஹ்ரானில். 'அண்டர் தி ஷேடோ', 2016. இயக்குநர் பாபக் அன்வாரி, டெஹ்ரானில் பிறந்து பிரிட்டனில் வாழ்பவர். படம் பாரசீக மொழியில், ஆனா எடுத்தது ஜோர்டானில். 1988, ஈரான்–ஈராக் போரின் கடைசி வருஷம். நகரத்தின் மேல் ஏவுகணைகள் விழுகின்றன. ஜன்னல் கண்ணாடி சிதறாமல் இருக்க எல்லா வீட்டிலும் டேப் ஒட்டியிருக்கிறார்கள்.

ஷிதே மருத்துவ மாணவி. புரட்சிக் காலத்தில் இடதுசாரி அரசியலில் இருந்ததால் இனி படிக்கவே முடியாது என்று பல்கலைக்கழகம் கதவைச் சாத்திவிட்டது. டாக்டரான கணவரைப் போர்முனைக்கு அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் அவளும் சின்ன மகள் டோர்சாவும் மட்டும். ஒருநாள் ஒரு ஏவுகணை மாடி வீட்டுக் கூரையைப் பிளந்துகொண்டு வந்து, வெடிக்காமல் நிற்கிறது. ஷிதே வீட்டு உட்கூரையில் விரிசல். அதற்குப் பிறகுதான் ஜின் வருகிறது.

அக்கம்பக்கத்தினர் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போகிறார்கள். மகளின் பொம்மை காணாமல் போகிறது. ஒரு ராத்திரி பயம் தாங்காமல் மகளைத் தூக்கிக்கொண்டு ஷிதே தெருவுக்கு ஓடுகிறாள். தலையில் துணி இல்லை. ரோந்துக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய், கசையடி கிடைத்திருக்கும் என்று மிரட்டி, போர்த்திக்கொள்ளத் துணி கொடுத்து, அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். உள்ளே ஜின், வெளியே அரசாங்கம், மேலே ஏவுகணை. அப்புறம் அந்த ஜின் எந்த உருவத்தில் வருதுன்னு பாருங்க: ஆள் இல்லாமல் மிதக்கிற ஒரு பெரிய சாதர். ஏவுகணை ஈராக்குடையது. அந்தத் துணி ஈராக்கிலிருந்து வரலை.

பேய் உள்ளே இருக்கிறவனைக் காட்டிக்கொடுக்குதுங்கிறதுதான் என் கட்சி. போர் நடக்கும்போது எல்லா விரலும் வெளியே இருக்கிற எதிரியைத்தான் சுட்டும், வீட்டுக்குள்ளே என்ன நடக்குதுன்னு கேட்டாலே துரோகி. அந்தக் கேள்வியைப் பேய்தான் கேட்கணும், ஏன்னா அதைக் கைது பண்ண முடியாது. 2004-ல் வந்த கொரியப் படம் 'ஆர்-பாயின்ட்' இதையே கொஞ்சம் முரட்டுத்தனமா செய்யுது. வியட்நாம் போருக்குத் தென் கொரியா 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பியது. அந்த வீரர்களில் ஒரு குழு, காணாமல்போன தங்கள் ஆட்களைத் தேடிப் போய், கடைசியில் தங்களுக்குள்ளேயே சுட்டுக்கொள்கிறது. படம் சுமார்தான், ஆனா அந்தப் பாழடைஞ்ச கட்டடத்துக்காகப் பார்க்கலாம்.

இந்த வகையில் எனக்கு ரொம்பப் பிடித்தது எல்லாவற்றையும்விடப் பழையது. கென்ஜி மிசோகுச்சியின் 'உகெட்சு', 1953. ஜப்பான் தோற்று, அமெரிக்க ஆக்கிரமிப்பும் முடிந்த மறு வருஷம். கதை 16-ம் நூற்றாண்டில். ஊரெல்லாம் சண்டை. கென்ஜூரோ என்ற குயவனுக்கு அதுவே லாபம், போர்க்காலத்தில் பானைக்கு நல்ல விலை. மனைவியையும் மகனையும் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போகிறான். அங்கே வாகாசா என்ற பெரிய வீட்டுப் பெண்ணின் மாளிகையில் மயங்கிக் கிடக்கிறான். அவள் போரில் அழிந்த குடும்பத்தின் ஆவி. இதற்கிடையில், பசியோடு திரிகிற சிப்பாய்கள் சாப்பாட்டுக்காக அவன் மனைவி மியாகியை ஈட்டியால் குத்திவிடுகிறார்கள். குத்தியது சிப்பாய்கள்தான், ஆனால் அவளைத் தனியாக விட்டது யார்?

அவன் ஊர் திரும்புகிற காட்சி ஒரே ஷாட். இருட்டு வீடு, காலி அடுப்பு. அவன் உள்ளே நுழைந்து, பின்பக்கமாக வெளியே போய், வீட்டைச் சுற்றி வருகிறான். கேமரா உள்ளே இருந்தபடியே ஜன்னல் வழியாக அவனைத் தொடர்ந்து திரும்புகிறது. அவன் மறுபடி வாசலுக்கு வரும்போது அடுப்பு எரிகிறது, பக்கத்தில் மியாகி உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வெட்டு கிடையாது, கிராஃபிக்ஸ் கிடையாது. அவள் திட்டுவதும் இல்லை, கேள்வி கேட்பதும் இல்லை. சாப்பாடு போட்டு, தூங்கவைத்து, விடியும்வரை அவன் துணியைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். காலையில் ஊர்ப் பெரியவர் வந்து, அவள்தான் செத்துட்டாளேப்பா என்கிறார்.

மேல சொன்ன பேய்கள் எல்லாம் கணக்குத் தீர்க்க வந்தவை. சான்ட்டி ஹசிந்தோவைத் தண்ணிக்குள்ள இழுத்துக்கிட்டுத்தான் போறான். மியாகி எதையும் கேட்கலை, எனக்கு அதுதான் தாங்க முடியலை. கடைசிக் காட்சியில் கென்ஜூரோ மறுபடி சக்கரத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவள் குரல் மட்டும் கேட்கிறது. மகன் ஒரு கிண்ணத்தில் சோற்றை எடுத்துக்கொண்டு போய் அம்மாவின் சமாதியில் வைக்கிறான்.