நிற்கிற வண்டி ஏன் ஆடுகிறது?

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் கன்டெய்னர் ட்ரெய்லரை இழுவை லாரியிலிருந்து கழற்றி நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். டிரைவர் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, ட்ரெய்லரின் முன்புறத்தில் இரண்டு இரும்புக் கால்கள் மெல்ல இறங்கும். பாதம் தரையைத் தொட ஒரு சாண் இருக்கும்போதே கிளீனர் குனிந்து, அடியில் தடித்த பலகைத் துண்டைச் செருகுவார். "கட்டை வச்சாச்சு அண்ணாச்சி" என்று குரல் வந்த பிறகுதான் கால் முழுதாக இறங்கும். அந்தப் பலகை இல்லாவிட்டால், மே மாத வெயிலில் இளகிய தார்த் தரையில்கூட இரும்புப் பாதம் பதிந்துவிடும்.

உள்ளே இருப்பது சரக்கு என்றால் இவ்வளவு போதும். மனிதர்கள் என்றால் போதாது. மணிரத்னத்தின் 'கடல்' (2013) படமாக்கப்பட்ட மணப்பாடு போன்ற ஊர்களுக்குப் படப்பிடிப்புக் குழுவோடு வரும் கேரவன், குடும்பத்தோடு தங்கிச் செல்லும் பயண ட்ரெய்லர், கிராமம் கிராமமாகப் போகும் மருத்துவ வேன் எல்லாவற்றுக்கும் ஒரே தொல்லை. ஒருவர் படியில் கால் வைத்தால் வண்டி முழுவதும் அசைகிறது. ஆடும் தரையில் நின்றபடி ஒரு குழந்தையின் கையில் ஊசி போட வேண்டிய செவிலியரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு இது சொகுசு சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல.

ஓடும்போது நமக்கு நல்லது செய்கிற அதே உறுப்புகள்தான் நிற்கும்போது ஆட்டுகின்றன. டயரில் அடைத்த காற்றும், அச்சின் மேல் இருக்கும் பட்டைகளும் குழிகளின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதற்காகவே நெகிழ்வாக அமைக்கப்பட்டவை. வண்டியின் எடையில் அவை மொத்தம் 6 சென்டிமீட்டர் அமுங்குவதாக வைத்துக்கொள்வோம். இயற்பியல் கணக்குப்படி, அந்த வண்டி தன் இயல்பில் நொடிக்கு ஏறக்குறைய 2 முறை மேலும் கீழும் அசையும். சாதாரணமாக நடக்கும் மனிதரும் நொடிக்கு ஏறக்குறைய 2 அடிதான் எடுத்து வைக்கிறார். இரண்டு தாளமும் பொருந்திவிடுவதால், ஒவ்வோர் அடியும் முந்தைய அடி கிளப்பிய அசைவோடு சேர்ந்துகொள்கிறது. ஒத்ததிர்வு என்று பள்ளியில் படித்தது இதுதான். நான்கு மூலைகளிலும் ஜாக்கிகளை முட்டுக் கொடுத்து, அமுக்கத்தை அரை சென்டிமீட்டர் அளவுக்குக் குறைத்துவிட்டால் இயல்பு அதிர்வு நொடிக்கு 7 ஆகிவிடும். அந்த வேகத்தில் யாரும் நடப்பதில்லை.

ஆனால் ஜாக்கி தடுப்பது மேல்-கீழ் ஆட்டத்தையும், அதோடு சேர்ந்த சாய்வையும் மட்டுமே. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு பொருள் ஆறு விதமாக அசைய முடியும் என்பதைக் கடல்காரர்கள் நன்றாக அறிவார்கள். முன்-பின், இடம்-வலம், மேல்-கீழ் என மூன்று நகர்வுகள். பக்கவாட்டில் உருளுதல், மூக்கு தூக்கித் தாழ்தல், தலை திரும்புதல் என மூன்று சுழற்சிகள். வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் கட்டியிருக்கும் கப்பலைப் பார்த்தால் கயிறுகள் ஒரே திசையில் போவதில்லை. மேடைக்கு நேர் குறுக்கே போகும் கயிறு கப்பல் விலகாமல் பிடிக்கும். கப்பலின் நீளவாக்கில் நெடுஞ்சாய்வாகப் போகும் கயிறு அது முன்னும் பின்னும் ஓடாமல் பிடிக்கும். வண்டிக்கும் அப்படித்தான்: ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித் தடை வேண்டும்.

முன்-பின் ஆட்டத்துக்குச் சக்கரக் கட்டை. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் டயரின் ரப்பர் சற்று நெளியும். இரட்டை அச்சு ட்ரெய்லர்களில், ஒரே பக்கத்து இரு டயர்களுக்கு நடுவே வைத்து விரிக்கும் கட்டைகள் உண்டு. அவை இரண்டு டயர்களையும் ஒன்றுக்கொன்று எதிராக நெருக்கி, அந்த நெளிவையும் குறைக்கின்றன.

பக்கவாட்டு ஆட்டம்தான் முரடானது. நேராக நிற்கும் ஜாக்கி கீழ்நோக்கிய எடையைத் தாங்கும். தலையைப் பக்கவாட்டில் தள்ளினால் சாய்ந்து கொடுக்கும். கால் தளர்ந்த பழைய பெஞ்சுக்குத் தச்சர் என்ன செய்கிறார்? ஒரு கால் அடியிலிருந்து எதிர்க் கால் உச்சிக்குக் குறுக்குச் சட்டம் ஒன்றை அடிக்கிறார். செவ்வகம் தன் பக்கங்களின் நீளம் மாறாமலேயே சாய முடியும், முக்கோணத்தால் முடியாது. அதனால் பக்கத்துக்குத் தள்ளும் விசை, சட்டத்தை நீளவாக்கில் இழுக்கவோ நெரிக்கவோ வேண்டியதாகிறது. இரும்பு அதற்கு எளிதில் மசியாது. ஜாக்கியின் பாதத்திலிருந்து வண்டியின் அடிச்சட்டத்துக்குச் சாய்வாக ஓர் இரும்புத் தண்டை முடுக்கினால் கிடைக்கும் பலன், இன்னும் இரண்டு ஜாக்கி வைத்தாலும் கிடைக்காது.

பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைத்து எடைபோட்டு அவதிப்பட்டது லண்டன் மாநகரம். தேம்ஸ் மீது 2000 ஜூன் 10 அன்று திறக்கப்பட்ட மில்லேனியம் நடைபாலத்தில் கூட்டம் ஏறியதும் பாலம் இடமும் வலமும் அசைந்தது. நடக்கும்போது இடது காலும் வலது காலும் மாறி மாறித் தரையைப் பக்கவாட்டிலும் லேசாகத் தள்ளுகின்றன. அந்தத் தாளத்துக்குப் பாலம் ஒத்துக்கொண்டது. இரண்டே நாளில் மூடினார்கள். அதிர்வை உறிஞ்சும் கருவிகளைப் பொருத்தி 2002 பிப்ரவரியில்தான் மீண்டும் திறந்தார்கள்.

தூத்துக்குடிப் பக்கம் பக்கவாட்டில் தள்ள மனிதர்கள் வேண்டியதில்லை; காற்றே போதும். தென்மேற்குப் பருவ மாதங்களில் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாகப் பாய்ந்து வரும் மேல்காற்றை நம்பித்தான் கயத்தாறில் காற்றாலைச் சோதனை நிலையமே அமைந்திருக்கிறது. 6 மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள வண்டியின் பக்கவாட்டில் மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று அடித்தால், தள்ளும் விசை ஏறக்குறைய 90 கிலோ எடைக்குச் சமம். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். வண்டியின் மூக்கைக் காற்றை நோக்கித் திருப்பி நிறுத்தினால் காற்று மோதும் பரப்பு பாதிக்கும் கீழே போய்விடும். இதற்குக் காசு செலவில்லை.

எல்லாம் சரியாகச் செய்தும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் மண்ணைப் பார்க்க வேண்டும். இந்தக் கரையில் உப்பளத்து ஈரக் களி, கடற்கரை மணல், திருச்செந்தூருக்கு அப்பால் தேரிச் செம்மணல் என்று சில மைல்களுக்குள் தரை மாறிக்கொண்டே போகிறது. ஒரு ஜாக்கியின் மேல் 1 டன் இறங்குகிறது, அதன் பாதம் 10 சென்டிமீட்டர் சதுரம் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தம். தளர்ந்த மணலோ நம்பகமாகத் தாங்குவது 1 கிலோ அளவுதான். 30 சென்டிமீட்டர் சதுரப் பலகை வைத்தால் அழுத்தம் 1.1 கிலோவுக்கு இறங்கும். 45 சென்டிமீட்டர் என்றால் அரைக் கிலோ. பலகை தடிமனாகவும் இருக்க வேண்டும். மெல்லிய பிளைவுட் நடுவில் வளைந்து, ஓரங்கள் சும்மா கிடக்க, எடை மறுபடியும் நடுவிலேயே இறங்கும். கிரேன்களின் பக்கக் கால்களுக்கு அடியில் ஸ்லீப்பர் கட்டை அடுக்குகிறார்களே, அதன் கணக்கும் இதுவே.

ஜாக்கி இறக்கும் முன்பே ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களைப் பலகை மேல் ஏற்றி வண்டியை மட்டப்படுத்திவிட வேண்டும். பிறகு சக்கரக் கட்டை, அதன் பிறகே ஜாக்கி. முட்டுக் கொடுக்கும் ஜாக்கியால் வண்டியைத் தூக்கி மட்டம் பார்க்கிறவர்கள் உண்டு. அடிச்சட்டம் முறுக்கிக்கொண்டு கதவு சாத்த வராமல் போகும். மணல் இரவெல்லாம் சிறு அதிர்வுகளில் இறுகிக் கீழே போகும் என்பதால், காலையில் ஒவ்வொரு ஜாக்கியையும் அரைச் சுற்று முடுக்கிப் பார்ப்பது அவசியம். புறப்படும்போது வரிசை தலைகீழ். சாய்தண்டும் ஜாக்கியும் முதலில் ஏற வேண்டும். இழுவை வண்டியில் மாட்டிய பிறகே சக்கரக் கட்டையை எடுக்க வேண்டும். கட்டையை முதலில் உருவிவிட்டால் வண்டி ஒரு சாண் உருண்டாலும் போதும், நான்கு ஜாக்கிகளும் வளைந்துவிடும்.