உப்பை அளப்பது எப்படி?

திண்டிவனத்திலிருந்து மேற்கு நோக்கிப் புறப்படும் நெடுஞ்சாலை செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம் ஆகிய ஊர்களைக் கடந்து சிங்காரப்பேட்டைக்கு வந்து சேருகிறது. பிறகு ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரியை அடைகிறது. அங்கிருந்து ஓசூரைத் தாண்டினால் கர்நாடகத்தின் எல்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் என்ற மூன்று பாஷைகளும் சந்தையிலும் வீதியிலும் கலந்து ஒலிக்கும் பிரதேசம் இது. அந்த மூன்று பாஷைக்காரர்களும் ஒரே பெயரால் அழைக்கும் வஸ்து ஒன்று உண்டு. அதுதான் உப்பு.

இந்தப் பக்கத்து நிலத்தில் கேழ்வரகு விளைகிறது. மாவும் புளியும் செழித்துக் காய்க்கின்றன. களிக்கு வேண்டியதும் குழம்புக்கு வேண்டியதும் ஊறுகாய்க்கு வேண்டியதும் கண்ணெதிரே கிடைக்கும். உப்பு ஒன்றுதான் கிடைக்காது. கிழக்கே மரக்காணத்து உப்பளங்களுக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். நெய்தல் நிலத்து உப்பை வண்டியில் ஏற்றிக் கொண்டு உள்நாட்டுக்கு வந்து, நெல்லுக்கு மாற்றிச் சென்ற உமணர்களைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். கடலைக் காணாத ஊருக்கு உப்பு எப்போதும் விலை கொடுத்து வாங்கும் பண்டமாகவே இருந்து வந்திருக்கிறது. விலை கொடுத்து வாங்கும் பண்டம் என்றால் அளவைப் பற்றிய கவலையும் கூடவே வரும்.

அந்நியர் ஆட்சியில் இந்தக் கவலைக்கு வேறொரு காரணமும் சேர்ந்தது. சென்னை மாகாணத்தில் 1805-ம் வருஷத்திலேயே உப்பு சர்க்காரின் ஏகபோகமாகி விட்டது. 1923-ல் வரியை இரட்டித்து மணங்குக்கு இரண்டரை ரூபாய் ஆக்கினார்கள். மறு வருஷம் பழையபடி ஒன்றேகால் ரூபாய்க்குக் குறைத்தார்கள். இங்கே மணங்கு என்பது ஏறக்குறைய 37 கிலோ எடையுள்ள இந்திய மணங்கு. சென்னைப் பட்டணத்து வியாபாரிகளின் மணங்கோ 25 ராத்தல்தான். அதாவது சுமார் 11 கிலோ. பெயர் ஒன்று, அளவு இரண்டு! அளவின் பெயரை மட்டும் தெரிந்து கொண்டால் போதாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

1930-ம் வருஷம் மார்ச் 12-ந் தேதி காந்தியடிகள் சபர்மதியிலிருந்து புறப்பட்டு ஏப்ரல் 6-ந் தேதி தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்தார். அடுத்த வாரமே, ஏப்ரல் 13-ந் தேதி, ராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களுடன் கால்நடையாகக் கிளம்பினார். அந்த மாத முடிவில் வேதாரணியத்தில் சட்டத்தை மீறி உப்பெடுத்துச் சிறை புகுந்தார். அந்த யாத்திரையை நடத்தியவர் கடற்கரையில் பிறந்தவர் அல்லர். இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்தவர். உப்பை விலைக்கு வாங்கும் சீமையிலிருந்து சென்றவரே உப்பின் விலங்கை முறிக்க முன்நின்றார் என்பது நினைத்து மகிழத்தக்க விஷயம். 1947-ல் உப்பு வரி ஒழிந்தது.

வரி ஒழிந்தது, ஆனால் அளவின் தொல்லை ஒழியவில்லை. அது இப்போது சர்க்கார் கிடங்கில் இல்லை. நம் வீட்டு அடுக்களையில் இருக்கிறது.

கல்லும் தூளும்

கடல் ஜலத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புக்கள் கரைந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பங்கு சோடியம் குளோரைடு என்ற நமது கறியுப்பு. மற்றவை மக்னீசியம், கால்சியம் முதலியவற்றின் உப்புக்கள். பாத்தியில் கட்டிய ஜலம் வெயிலில் சுண்டும்போது முதலில் சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சம் படிகிறது. பிறகு உப்பு பூக்கிறது. கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் நிறைந்திருக்கும். அதைத் தக்க சமயத்தில் வடித்துவிட வேண்டும். இதற்காக ஜலத்தில் மிதக்கவிட்டுப் பார்க்கும் கண்ணாடிக் கருவி ஒன்று உண்டு. அதற்குப் போமே மானி என்று பெயர். கடல் ஜலத்தில் அது சுமார் 3 டிகிரி காட்டும். 25 டிகிரிக்கு வரும்போது உப்பு படிய ஆரம்பிக்கும். 30 டிகிரியை நெருங்குவதற்குள் கசப்பு நீரை வெளியேற்றிவிட வேண்டும். வடிக்கத் தாமதித்தால் உப்பில் கசப்பு ஏறும். மழைக்காலத்தில் ஜாடியில் நீர் விட்டுக் கொள்ளும். சுத்தமான கறியுப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால்தான் கசியும். மக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவிகிதமே போதும்.

பாத்தியிலிருந்து வாரிய உப்பே கல்லுப்பு. அதைக் கழுவி அரைத்தோ, அல்லது ஆலையில் மறுபடி காய்ச்சிப் படிய வைத்தோ எடுப்பது தூளுப்பு. இரண்டும் ரஸாயனத்தில் ஒன்றே. நூறு கிராம் உலர்ந்த உப்பில், எதை எடுத்தாலும், ஏறக்குறைய 39 கிராம் சோடியம். பஞ்சாபின் கேவ்ரா சுரங்கத்திலிருந்து வரும் இந்துப்பும் இதற்கு விலக்கல்ல. அதன் இளஞ்சிவப்பு நிறம் இரும்புக் கலப்பால் ஏற்பட்டது. இந்துப்பில் சோடியமே கிடையாது என்று எண்ணி இரத்த அழுத்தக்காரர்களுக்கு அதைத் தாராளமாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இது பெரிய ஆபத்து. கந்தக வாசனையுள்ள கருப்பு உப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே.

அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? கரண்டியில் இருக்கிறது. ஐந்து மில்லி கொள்ளும் சிறு தேக்கரண்டியில் தூளுப்பைத் தலைதட்டி எடுத்தால் சுமார் 6 கிராம் நிற்கும். கல்லுப்பை எடுத்தால் கல்லுக்குக் கல் இடைவெளி விழுவதால் ஏறக்குறைய 5 கிராம்தான் இருக்கும்; கல் பெரிதானால் இன்னும் குறையும். அமெரிக்காவில் கோஷர் உப்பு என்று ஒன்று விற்கிறார்கள். அதில் மெல்லிய செதிலாக உள்ள ஒரு வகை, அதே கரண்டியில் 3 கிராம்தான் நிற்கும். அந்நாட்டுச் சமையற் புஸ்தகத்தைப் பார்த்து, அதே கரண்டிக் கணக்கில் நம் வீட்டுத் தூளுப்பைப் போட்டால், பதார்த்தத்தில் உப்பு இரு மடங்காகி விடும்.

நம் வீட்டு ஊறுகாய்க் கணக்குகளிலும் இதே சங்கடம் மறைந்திருக்கிறது. பாட்டிமார் சொல்லிப் போனதெல்லாம் படிக்கணக்கு. படியில் அளந்ததும் கல்லுப்பு. இன்று மருமகள் அதே படிக்குத் தூளுப்பை அளந்து போட்டால் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். தூளுப்புக்குச் சொன்ன கணக்கைக் கல்லுப்பில் அளந்தாலோ ஆறில் ஒரு பங்கு குறைந்து, மாங்காயில் பூசணம் பூத்துவிடும். மாமியார் மருமகளின் கைராசியைக் குறை சொல்லுவார். மருமகள் மாங்காயைக் குறை சொல்லுவாள். உண்மையில் குற்றம் இருவருடையதும் அன்று, படியினுடையது.

தராசு இல்லாத வீட்டில்

படியும் கரண்டியும் இடத்தை அளக்கின்றன. உப்பின் சத்தோ நிறையில் இருக்கிறது. ஆகையால் உப்பை நிறுத்துப் போடுவதே முறை. தராசு இல்லாத வீட்டாரும் மலைக்க வேண்டியதில்லை. கடையில் வாங்கும் பாக்கெட்டின் மேல் நிறை அச்சிட்டிருக்கிறது. ஒரு கிலோ பாக்கெட்டைப் பிரித்தவுடன் வீட்டிலுள்ள டம்ளர் ஒன்றால் தலைதட்டி அளந்து பாருங்கள். ஐந்து தடவை நிரம்பினால் அந்த டம்ளர் அந்த உப்பில் 200 கிராம் கொள்ளும். பிறகு அந்த டம்ளர் உப்பில் எத்தனை கரண்டி அடங்குகிறது என்று எண்ணினால், ஒரு கரண்டியின் நிறையும் தெரிந்துவிடும். கல்லுப்புக்கு ஒரு கணக்கு, தூளுப்புக்கு ஒரு கணக்கு என இரண்டையும் காகிதத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டி வைக்கலாம். கரண்டியைக் குவித்து எடுக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். குவித்த கரண்டி ஒன்றரைக் கரண்டியாகவும் ஆகலாம்.

ஈரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உண்ணும் உப்பில் நூற்றுக்கு 6 பங்கு வரை ஈரம் இருக்கலாம் என்றும், உலர்ந்த நிலையில் 96 பங்காவது சோடியம் குளோரைடு இருக்க வேண்டும் என்றும் நம் நாட்டு உணவு விதிகளில் குறித்திருக்கிறார்கள். ஆறு பங்கு ஈரம் என்றால் கிலோவுக்கு 60 கிராம் ஜலத்தை விலை கொடுத்து வாங்குகிறோம் என்று அர்த்தம். ஊறுகாய்க்கு எடுக்கும் உப்பை முன்கூட்டி நன்றாக வெயிலில் காய வைத்துப் பிறகு நிறுப்பது இதற்காகத்தான். மண் கலந்திருக்கிறதா என்று அறிய, ஒரு கண்ணாடி டம்ளர் ஜலத்தில் இரண்டு கரண்டி உப்பைக் கரைத்துச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால் போதும். அடியில் நிற்பது எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

உப்பு நீரின் கனத்தை அறிய இன்னொரு பழைய உபாயமும் உண்டு. பச்சை ஜலத்தில் மூழ்கும் புதிய கோழிமுட்டை, லிட்டருக்கு ஏறக்குறைய 120 கிராம் உப்புக் கரைந்த ஜலத்தில் மேலெழுந்து மிதக்கும். முட்டையைத் தொடாத வீட்டார் உருளைக்கிழங்கைப் போட்டுப் பார்க்கலாம். அதுவும் சற்றேறக்குறைய அதே கனத்தில் மிதக்கும். போமே மானி செய்யும் வேலையையே இவை செய்கின்றன.

கண்ணுக்குத் தெரியாத சரக்கு

இன்னொரு விஷயம் நாவுக்கும் தெரியாது, தராசுக்கும் தெரியாது. அது அயோடின். இது போதாவிட்டால் கழுத்தில் கழலை உண்டாகும். கர்ப்பிணிகளுக்குப் போதாவிட்டால் பிறக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியே குன்றும். இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில், டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய சகாக்களும் 1956-ல் ஆரம்பித்த ஆராய்ச்சி, அயோடின் சேர்த்த உப்பால் கழலை நோய் குறைவதை நிரூபித்தது. 1962-ல் தேசிய கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது.

கடலில் விளைந்த உப்பாயிற்றே, அதில் அயோடின் தானாகவே இருக்காதா என்று கேட்கலாம். இருப்பது மிகச் சொற்பம், அது போதாது. ஆகையால் பொட்டாசியம் அயோடேட்டைக் கலக்கிறார்கள். வீட்டுக்கு வந்து சேரும்போது கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது அயோடின் இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் 10 கிராம் உப்பு 150 மைக்ரோகிராம் கொடுக்கும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது இதுவே. கல்லுப்பில் இந்தச் சரக்கு மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கிறது. அழுக்குப் போகட்டும் என்று கல்லுப்பை அலசுகிறவர்கள் அழுக்கோடு அயோடினையும் கொட்டி விடுகிறார்கள். திறந்த பாத்திரத்திலும் ஈரத்திலும் வைத்தாலும் அது குறையும். கஞ்சி நீரை ஊற்றிப் பார்த்து, நீலம் தோன்றவில்லை, ஆகையால் அயோடின் இல்லை என்று தீர்மானிப்பதும் தவறு. அயோடேட்டுக்குக் கஞ்சியோடு அயோடைடும் புளிப்பும் சேர்ந்தால்தான் நீலம் எழும். அதற்கென்றே தயாரித்த பரிசோதனைத் திரவம் உண்டு. இராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கத்தில், 1974-ல் ஏற்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகம், அயோடினோடு இரும்புச் சத்தும் சேர்த்த உப்பையும் தயாரித்து வருகிறது.

சோடியத்தில் ஒரு பங்கைக் குறைத்துப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்த உப்பும் கடைகளில் இருக்கிறது. பலருக்கு அது நல்லதுதான். ஆனால் சிறுநீரக நோயாளிகளுக்கும், இரத்த அழுத்தத்துக்குச் சில வகை மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் விபரீதமாக முடியலாம். வைத்தியரைக் கேளாமல் அதைத் தொடக்கூடாது.

உயிரை அளக்கும் அரைக் கரண்டி

ஊறுகாய் கெட்டால் மாங்காயோடு போயிற்று. குழந்தையின் விஷயம் அப்படியன்று. 1971-ல் வங்க அகதிகள் வந்து குவிந்த பன்காவ் முகாமில் காலரா பரவிய போது, நரம்பு வழியாக ஏற்றும் மருந்து நீர் தீர்ந்து போகவே, டாக்டர் திலீப் மகாலனபீஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த ஜலத்தைக் குடிக்கக் கொடுத்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றினார். வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்கு மருந்துப் பொட்டலம் கிடைக்கும் வரையில் வீட்டிலேயே செய்யக்கூடிய பிரமாணம் இது: சுத்தமான ஜலம் ஒரு லிட்டர், தலைதட்டிய சிறு தேக்கரண்டியால் சர்க்கரை ஆறு, உப்பு அரை. இங்கே உப்பு என்பது தூளுப்பு. அரைக் கரண்டி தூளுப்பு ஏறக்குறைய 3 கிராம். கரண்டியைக் குவித்தாலும், பெரிய கரண்டியை எடுத்தாலும், சிறு குழந்தையின் இரத்தத்தில் உப்பு மிஞ்சி வலிப்பே கண்டுவிடலாம். கல்லுப்புத்தான் வீட்டில் இருக்கிறதென்றால் அதை நன்றாகப் பொடித்த பிறகே அளக்க வேண்டும். மலையடிவாரத்துச் சிற்றூரில், இரவு நேரத்தில், ஆஸ்பத்திரி தொலைவில் இருக்கும்போது, இந்த அரைக் கரண்டியை அளக்கத் தெரிந்த தாய் பாதி வைத்தியர் ஆவாள்.

பெரியவர்கள் தினம் 5 கிராமுக்கு உட்பட்டே உப்புக் கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. தலைதட்டிய ஒரு தேக்கரண்டித் தூளுப்பை விட இது குறைவு. ஊறுகாய், அப்பளம், வற்றல், கடைப் பலகாரம் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு இந்தக் கணக்கில் மாதம் முக்கால் கிலோ போதும். உப்பைக் குறைத்தால் அயோடின் போதுமா என்ற சந்தேகம் எழலாம். அதனால்தான் உப்பை மூடி வைக்க வேண்டும், அலசாமல் உபயோகிக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். சந்தேகம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கலந்து கொள்ளட்டும்.

இந்த மாதம் வாங்கிய பாக்கெட் எந்தத் தேதியில் பிரிந்தது, எந்தத் தேதியில் தீர்ந்தது என்று ஒரு முறை குறித்துப் பாருங்கள். அந்த நாட்களையும் வீட்டிலுள்ள தலைகளையும் கொண்டு வகுத்துப் பாருங்கள். வரும் விடை பலரைத் திடுக்கிடச் செய்யும். செலவு ஒன்றுமில்லை, ஒரு பென்ஸிலும் சிறிது பொறுமையும் இருந்தால் போதும்.