வீட்டுக்காரர் செலுத்தும் கமிஷன் குறைய வேண்டுமா?

பயணிகளுக்குத் தம் வீட்டையோ ஓர் அறையையோ சில நாள் வாடகைக்கு விடும் தொழில் இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. 2008இல் சான்பிரான்சிஸ்கோவில் தோன்றிய ஏர்பிஎன்பி இத்துறையில் பெயர்பெற்ற இணையத் தளம். விளைபொருளை மண்டிக்கும் துணியை வியாபாரிக்கும் கொடுத்துப் பழகிய நம் அங்கத்தினர்க்கு இவ்வமைப்புப் புதிதன்று. வீடு ஒருவருடையது, வாடிக்கையாளரைக் கொணர்பவர் வேறொருவர், நடுவே கமிஷன்.

இக்கமிஷன் இரு முறைகளில் பெறப்பட்டு வந்துள்ளது. ஒன்றில், வீட்டுக்காரரிடம் பெரும்பாலும் நூற்றுக்கு 3, விருந்தினரிடம் ஏறத்தாழ 14. மற்றொன்றில், முழுவதும் வீட்டுக்காரரிடமே நூற்றுக்கு 15.5. நிர்வாக மென்பொருளைத் தளத்துடன் இணைத்துள்ளோர் 2025 அக்டோபரில் இரண்டாம் முறைக்கு மாற்றப்பட்டனர்.

வாடகை 100 டாலர் என்று கொள்வோம். முதல் முறையில் விருந்தினர் 114 கொடுக்க, வீட்டுக்காரர் 97 பெறுகிறார். இரண்டாம் முறையில் 84.50 மட்டுமே கைக்கு வரும். பழைய 97 வேண்டின் வாடகையை ஏறத்தாழ 115 ஆக உயர்த்த வேண்டும். விருந்தினர் கொடுப்பது ஏறக்குறைய முன்போன்ற தொகையே. ஆதலின், கமிஷன் யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதைவிட, நடுவே மொத்தம் எவ்வளவு நிற்கிறது என்பதே முக்கியம். ஒருவர் பங்கைக் குறைத்து மற்றவர் பங்கை ஏற்றுவது சலுகையாகாது.

விளம்பரமும் பணப்பட்டுவாடாவும் செலவின்றி நடவா என்பது உண்மையே. எனினும், 2020இல் தொற்றுநோய் பரவியபோது, வீட்டுக்காரர் விதித்திருந்த நிபந்தனைகளை ஒதுக்கி, ஏர்பிஎன்பி விருந்தினர்க்கு முழுப் பணத்தையும் திருப்பியது. பின்னர், நிபந்தனைப்படி வரவேண்டியதில் நூற்றுக்கு 25 மட்டுமே வீட்டுக்காரர்க்கு ஈடாக அளிக்க 25 கோடி டாலர் ஒதுக்கியது. முடிவெடுத்த இடத்தில் அவர்கட்குக் குரலில்லை.

தாம் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறையை விடுவோர்க்குக் கமிஷனைக் குறைப்பது நியாயம் என்பதே நம் கருத்து. பல வீடுகளை வாங்கி விடுவோர்க்கும் அதே சலுகை தந்தால், ஊரார்க்குக் குடியிருப்பு அரிதாகும். சுற்றுலாக் குடியிருப்பு உரிமங்களை 2028க்குள் முடிவுக்குக் கொணரப் போவதாகப் பார்சிலோனா நகராட்சி 2024இல் அறிவித்தது இக்காரணம் பற்றியே.

ஐரோப்பாவில் ஃபேர்பிஎன்பி என்னும் கூட்டுறவு, தன் கமிஷனில் பாதியை ஊர் நலப்பணிக்கு ஒதுக்கும் கொள்கையுடன் தோன்றியது. கமிஷனைக் குறைக்குமாறு பிறரை வேண்டுவது ஒரு வழி; அதனை நிர்ணயிக்கும் சபையில் உழைப்போரே அமர்வது மற்றொரு வழி. இரண்டாவதன் அருமையைக் கூட்டுறவாளராகிய நாம் நன்கு அறிவோம்.