கறுப்புச் சேறு காக்கும் ரகசியம்

வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை, மதுரைக்கு வந்து சேரும்போது ஆண்டின் பல மாதங்களில் வெறும் மணல். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்க அணையைத் திறந்தால் தண்ணீர் முகம் காட்டும். மற்றபடி ஓடுவது பந்தல்குடி வாய்க்காலும் அதன் கூட்டாளிகளும் கொண்டுவந்து சேர்க்கும் சாக்கடைதான். அது தேங்கிய இடத்தைக் குச்சியால் கிளறினால் கன்னங்கரேலென்று சேறு வரும், கூடவே அழுகிய முட்டை நாற்றம்.

சாக்கடைக் கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள ஆக்சிஜனை முதலில் தீர்த்துவிடும். பிறகு சல்பேட்டைக் கொண்டே சுவாசிக்கும் வேறொரு கூட்டம் கிளம்பி, ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடும். நாற்றம் அதனுடையது. அது மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்து இரும்பு சல்பைடு ஆகும். கறுப்பு இதனுடையது.

அதிசயம் இனிமேல்தான். பழைய பேட்டரியின் ஈயமோ, முலாம் பூசும் பட்டறையின் காட்மியமோ அங்கே வந்தால், இரும்பு சல்பைடிலுள்ள இரும்பைத் தள்ளிவிட்டு அதன் கந்தகத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்தச் சேர்மம் நீரில் கரைவது அரிது. குரோமியத்துக்குக் கந்தகம் ஒத்துவராது. ஆனாலும் அதன் கொடிய ஆறு இணைதிற வடிவம் இந்தச் சேற்றில் ஓரளவு சாதுவான மூன்று இணைதிற வடிவமாக மாறிவிடும். நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டும் சேறு, விஷத்தைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது!

அழிக்கத்தான் அதனால் முடியாது. உலோகம் தனிமம், எந்த நுண்ணுயிரும் அதைத் தின்று தீர்த்ததில்லை. அவனியாபுரம், சக்கிமங்கலம் சுத்திகரிப்பு நிலையங்களிலும் மலக்கழிவு சிதையும், உலோகமோ பெரும்பாலும் கசடுக்குள் இடம் மாறும். பட்டறை வாசலிலேயே பிடித்தால்தான் உண்டு. குடிநீரில் லிட்டருக்கு 0.003 மில்லிகிராம் காட்மியத்துக்கு மேல் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அவ்வளவு சொற்பமே ஆபத்து.

கட்டு அவிழ்வது, சேற்றை அள்ளி வெயிலில் போடும்போது. காற்றுப் பட்டால் சல்பைடு சல்பேட்டாகும், அமிலம் ஊறும், உலோகம் கரையத் தொடங்கும். கண்மாய் வண்டலை வயலுக்கு அடிப்பது நம் பக்கத்து நல்ல பழக்கம்; அரசும் இலவசமாக அள்ள அனுமதிக்கிறது. கிராமத்துக் கண்மாய்க்கு அது சரி. செல்லூர், வண்டியூர் போல நகரத்துக்குள் சிக்கிய கண்மாய்களின் கதை வேறு. உலோகம் வயலுக்குப் போனால் என்னாகும் என்பதற்கு ஜப்பான் சாட்சி. அங்கே ஜின்சு ஆற்றுப் பாசனத்தில் விளைந்த அரிசி வழியே காட்மியம் ஏறி, எலும்பை முறிக்கும் இதாய்-இதாய் நோய் வந்தது. சுரங்கக் கழிவுதான் காரணமென்று 1968இல் அந்நாட்டு அரசே ஒப்புக்கொண்டது. ஆகவே நகரத்துக் கண்மாய்ச் சேற்றை டிராக்டரில் ஏற்றும் முன், ஒரு பிடியை ஆய்வகத்துக்கு அனுப்பி ஈயமும் காட்மியமும் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள்.