ஆற்றங்கரையில் இரவுத் தரிப்பு



சமைக்க அடுப்பும், உறங்கப் படுக்கையும், நீராடச் சிற்றறையும் தன்னகத்தே கொண்டு ஓடும் வண்டியை மேலைநாட்டார் மோட்டார் இல்லம் என்பர். விடுமுறை வந்ததும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குடும்பங்கள் இதிலேறி ஊர் ஊராகச் செல்கின்றன. அந்நாடுகளில் வாழும் நம்மவரும், அவர்களைக் காணச் செல்லும் உறவினரும் இப்பயணத்தை அறிவர்.

விடுதி தேடும் தொல்லை இதில் இல்லை. ஆயினும், நினைத்த இடத்தில் நெடுநாள் நின்றுவிடவும் இயலாது. வண்டியின் நன்னீர்த் தொட்டி சில நாட்களில் வற்றிவிடும். கழிவுநீர்த் தொட்டியோ நிரம்பிவிடும். ஆகவே, நீரும் மின்சாரமும் பெறவும், கழிவை முறையாக அகற்றவும் வசதியுள்ள தங்குமுகாம்களை அவர்கள் நாடுகின்றனர்.

அவற்றுள் ஆற்றங்கரை முகாம்களுக்கே விருப்பம் மிகுதி. நிழலும் நீரோசையும் மட்டும் இதற்குக் காரணமல்ல. மலைப்பகுதிகளில் வண்டி நிறுத்தத்தக்க சமதரை பெரும்பாலும் ஆற்றோரத்திலேயே கிடைக்கிறது. அத்தரை எவ்வாறு சமமாயிற்று? முன்னை வெள்ளங்கள் மலையிலிருந்து வாரிவந்த கல்லையும் மணலையும் பரப்பி ஆக்கிய நிலம் அது. தான் ஆக்கிய நிலத்துக்கு ஆறு மீண்டும் வரும். வரும் நாளை மட்டும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

பிரான்சு நாட்டின் கிராண்ட் போர்னான் என்னும் மலையூரில், 1987 யூலை 14 அன்று இடிமழையால் போர்ன் ஆறு பெருகி, கரையிலிருந்த முகாமுட் புகுந்தது. 23 பேர் மாண்டனர். ஸ்பெயினின் பைரனீஸ் மலையடியிலுள்ள பியெஸ்காஸில் இதனினும் பெருந்துயர் நேர்ந்தது. அங்கே மலையோடை ஒன்று கொண்டுவந்து குவித்த வண்டல் மேட்டின்மீதே முகாம் அமைந்திருந்தது. 1996 ஆகஸ்ட் 7 மாலை பெய்த கடும் மழையில் ஓடையின் தடுப்பணைகள் பல உடைந்தன. நீரோடு கல்லும் சேறும் பாய்ந்து 87 உயிர்களைக் கொண்டன. 2005இல் நீதிமன்றம் அரசுத் துறையினரைப் பொறுப்பாக்கி, இழப்பீடு வழங்கப் பணித்தது. அண்மையில், 2025 யூலை 4 அன்று அமெரிக்காவின் டெக்சாஸில் குவாடலூப் ஆறு முக்கால் மணி நேரத்தில் ஏறத்தாழ 26 அடி உயர்ந்தது. விடியுமுன் வந்த அவ்வெள்ளம் கரையில் நின்ற வண்டி இல்லங்களையும் அடித்துச் சென்றது.

இங்கு இரு உண்மைகளை உளங்கொள்ளல் வேண்டும். முதலாவது, தலைக்குமேல் வானம் தெளிந்திருந்தாலும், தொலைவிலுள்ள மலையுச்சியில் பெய்யும் மழை நம்மைத் தேடி வரலாம். இரண்டாவது, வண்டியின் பாரம் நம்மைக் காக்காது. இரண்டடி ஆழமுள்ள ஓடுநீரே பெரும்பாலான வண்டிகளைப் புரட்டிச் செல்ல வல்லது. பெட்டி போன்ற அகன்ற உடலையுடைய மோட்டார் இல்லத்தை நீர் பக்கவாட்டில் எளிதில் தள்ளும்.

ஆதலின், முகாமை அடைந்ததும் முதலில் உயர்ந்த நிலம் எத்திசையில் உள்ளது, அங்கே செல்லக் கால்வழி எது என்பவற்றைப் பகலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மரக்கிளைகளில் பழைய சருகும் குப்பையும் சிக்கியிருப்பின், வெள்ளம் முன்னர் எட்டிய மட்டம் அதுவென அறியலாம். கரையோரத்தை விடுத்து, மேட்டுப்பக்கத்துத் தரிப்பிடத்தைக் கேளுங்கள். வண்டியின் முகப்பு வெளிவழியை நோக்கி நிற்கட்டும். வானிலை எச்சரிக்கை உள்ள இரவில், விழித்தெழுப்பும் கருவியொன்று தலைமாட்டில் இருத்தல் அவசியம்.

தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சுள்ளியும் இலையும் மிதந்து வந்தாலோ, மேற்புறத்தே உறுமலோசை எழுந்தாலோ, மின்வடத்தையும் நீர்க்குழாயையும் கழற்றிக்கொண்டு நில்லாதீர். பிள்ளைகளைக் கையிற் பிடித்து, கால்நடையாக மேட்டுக்கு ஏறுங்கள். வண்டியைப் பின்னர் வாங்கலாம்.

ஆற்றங்கரையின் அழகை வெறுக்கவேண்டுவதில்லை. பகலை ஆற்றருகே கழித்து, இரவை மேட்டில் கழிப்போர் அவ்வழகை அச்சமின்றி நுகர்வர்.